ஆதாம் குடும்பம்: களிமண்ணின் வேகத்தைப் பளிங்குக்குக் கொண்டுபோன சிற்பிகள்

18ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுச் சிற்பங்களைப் பார்க்கத் தொடங்கும் எவரும் முதலில் தடுமாறுவது பெயர்களில்தான். ஆதாம் என்று ஒரு பலகையில் இருக்கும். பக்கத்துச் சிலையிலும் ஆதாம். ஆண்டு மட்டும் வேறு. கூஸ்து, ஸ்லோட்ஸ், கஃபியெரி, லெமுவான் என்று எந்தப் பெயரை எடுத்தாலும் இதே கதை. சிற்பத் தொழில் அங்கே அப்பனிடமிருந்து மகனுக்கும், மாமனிடமிருந்து மருமகனுக்கும் போய்க்கொண்டிருந்தது. பட்டறை, அச்சுகள், உளிகள், வாடிக்கையாளர்கள் எல்லாம் சேர்ந்துதான் கைமாறின. ஆகவே தனித்தனிச் சிற்பிகளாகப் படிப்பதைவிட ஒரு குடும்பத்தை எடுத்துக்கொண்டு முழுதாகப் பார்ப்பது நல்ல தொடக்கம். அதற்கு லொரேன் நாட்டின் நான்சி நகரத்து ஆதாம் குடும்பத்தைவிடப் பொருத்தமானது வேறு இல்லை. மூன்று தலைமுறைகள், மண், சுதை, ஈயம், பளிங்கு என்று நான்கைந்து மூலப்பொருட்கள், ரோம், பாரிஸ், பெர்லின் என்று மூன்று தலைநகரங்கள். ரொக்கோகோ சிற்பம் என்றால் என்ன என்பதற்கான விடை முழுவதும் இவர்கள் கையில் இருக்கிறது.

ஒரு குழப்பத்தை முதலிலேயே தீர்த்துவிடலாம். இங்கிலாந்தில் ஆடம் பாணி என்று ஒரு கட்டட, அறையலங்காரப் பாணி உண்டு. அது ஸ்காட்லாந்தைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் ராபர்ட் ஆடமும் அவருடைய சகோதரர்களும் உருவாக்கியது. எழுத்தில் பெயர் ஒன்றுபோல இருக்கும். உறவு எதுவும் கிடையாது. அடக்கமும் சமச்சீரும் அவர்கள் வழி. நான்சி ஆதாம்களிடம் அடக்கத்தைத் தேடினால் கிடைக்காது.

ரொக்கோகோ என்ற சொல் ரொக்காய் என்ற பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. தோட்டத்துச் செயற்கைக் குகைகளில் பாறைத் துண்டுகளையும் சிப்பிகளையும் பதித்துச் செய்யும் வேலைக்கு அந்தப் பெயர். அந்தச் சிப்பி வளைவும், பாசியும், நீர் சொட்டும் பாறையும் மெல்ல மெல்ல அறைச் சுவர், மேசை விளிம்பு, கடிகாரம் எல்லாவற்றிலும் ஏறிக்கொண்டன. பிரான்சில் ஏறத்தாழ 1715 முதல் 1770 வரை இதன் ஆட்சிக்காலம் என்று வைத்துக்கொள்ளலாம். சிற்பத்தில் இதை அடையாளம் காண ஒரு எளிய வழி: சிலையின் வெளிக்கோட்டை மட்டும் கண்ணால் தொடர்ந்து பாருங்கள். பழைய ரோமானியச் சிலையில் அந்தக் கோடு அமைதியாக மூடிக்கொள்ளும். ரொக்கோகோவில் அது எங்கும் நிற்காது. தாடியில் புகுந்து, துணி மடிப்பில் வழிந்து, அலையில் சுருண்டு, மீன் வாலில் கிளம்பி மறுபடியும் மேலே ஏறும்.

குடும்ப மரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், பின்னால் தேவைப்படும். ஜகோப் சிஜிஸ்பேர் ஆதாம், தந்தை, 1670இல் பிறந்து 1747இல் இறந்தார். அவருக்குச் சிற்பிகளாக மூன்று மகன்கள். மூத்தவர் லாம்பேர் சிஜிஸ்பேர் (1700–1759), நடு மகன் நிக்கோலா செபாஸ்தியன் (1705–1778), இளையவர் பிரான்சுவா கஸ்பார் பல்தசார் (1710–1761). இவர்களுடைய சகோதரி ஆன், மிஷேல் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டார். அவருடைய பிள்ளைகளும் தாய்மாமன்களின் தொழிலுக்கே வந்தார்கள். அவர்களில் ஒருவர்தான் க்ளோதியோன் என்ற பெயரில் உலகம் அறிந்த க்ளோட் மிஷேல் (1738–1814). சிஜிஸ்பேர் என்ற பெயர் திரும்பத் திரும்ப வருவதற்கும் காரணம் உண்டு. நான்சியின் காவல் புனிதர் 7ஆம் நூற்றாண்டு அரசர் சிஜிஸ்பேர். அவருடைய திருப்பண்டங்கள் அந்த ஊரில்தான் இருக்கின்றன. அந்த ஊரார் பிள்ளைகளுக்கு அந்தப் பெயரை விரும்பி வைத்தார்கள். பட்டியல்களில் மூத்த ஆதாம் என்றால் லாம்பேர், இளைய ஆதாம் என்றால் நிக்கோலா. கடைக்குட்டிக்கு அந்தப் பட்டம் போகவில்லை என்பதை மறக்க வேண்டாம். இளைய ஆதாம் என்பதை மூன்றாமவர் என்று எண்ணி ஏமாறுகிறவர்கள் நிறைய.

அவர்கள் பிறந்தபோது நான்சி பிரான்சின் பகுதியே அல்ல. லொரேன் தனிக் கோமகன்களின் ஆட்சியில் இருந்தது. 1766இல்தான் பிரான்சோடு சேர்ந்தது. ஆகவே பாரிசுக்குப் போவது என்பது அவர்களுக்கு அயல்நாட்டுக்குப் போவதுதான்.

எல்லாம் களிமண்ணில் தொடங்கும்

தந்தை ஜகோப் சிஜிஸ்பேர் பெயர் பெற்றது சிறிய சுடுமண் உருவங்களுக்காக. அரண்மனை வாசலில் நிற்கும் சிலைகள் அல்ல, கையில் எடுத்துப் பார்க்கும் அளவிலானவை. இந்தக் குடும்பத்தைப் புரிந்துகொள்வதற்கான திறவுகோல் இதுதான் என்று நாங்கள் நினைக்கிறோம். பிள்ளைகள் பளிங்கிலும் ஈயத்திலும் வேலை செய்தபோதும் அவர்கள் கை பழகியது ஈரக் களிமண்ணில். கட்டைவிரலால் ஒரு இழுப்பு இழுத்தால் துணி மடிப்பு வந்துவிடும். ஒரு கிள்ளு கிள்ளினால் தாடிச் சுருள். அந்த வேகத்தைக் கல்லுக்கும் உலோகத்துக்கும் எப்படிக் கொண்டுபோவது என்பதே அவர்கள் தலைமுறை தலைமுறையாகப் போராடிய கேள்வி.

அந்தக் காலத்தில் பெரிய சிலை ஒன்று எப்படி உருவானது என்று பார்க்கலாம். முதலில் கைக்குள் அடங்கும் களிமண் மாதிரி, சில மணி நேரத்தில் செய்வது. இதில் யோசனை மட்டும் இருக்கும், முகம்கூட இருக்காது. ஆர்டர் கொடுப்பவர் ஒப்புக்கொண்டால் பெரிய களிமண் உரு. உள்ளே மரத்தாலும் இரும்புக் கம்பியாலும் சட்டகம், மேலே மண். இந்த உருவைச் சுட முடியாது. மண் காயும்போது சுருங்கும், சட்டகம் சுருங்காது; பிளந்துவிடும். அதனால் ஈரமாக இருக்கும்போதே அதன்மேல் பிளாஸ்டர் பூசி அச்சு எடுத்து, அந்த அச்சில் மறுபடி பிளாஸ்டர் ஊற்றி வெள்ளை மாதிரி செய்துகொள்வார்கள். இதற்குப் பிறகு வழி பிரிகிறது. பளிங்கு வேண்டுமென்றால் மாதிரிக்கு மேலே ஒரு மரச் சட்டம், கல்லுக்கு மேலே அதே அளவில் இன்னொரு சட்டம். இரண்டிலும் தூக்குக்குண்டு நூல்களைத் தொங்கவிட்டு, நூலிலிருந்து மூக்கு நுனி எவ்வளவு உள்ளே, முழங்கை எவ்வளவு உள்ளே என்று கவராயத்தால் அளந்து கல்லில் புள்ளி வைப்பார்கள். புள்ளி வரை கல்லை எடுப்பது உதவியாளர்கள் வேலை. கடைசிச் சில மில்லிமீட்டர் தோல் மட்டும் குருவின் கை.

இங்கேதான் ரொக்கோகோவுக்கு ஆபத்து. பளிங்கு அமுக்கினால் தாங்கும், வளைத்தால் ஒடியும். மண்ணில் உள்ளே கம்பி இருப்பதால் கையை எங்கு வேண்டுமானாலும் நீட்டலாம். கல்லில் நீட்டிய கை தன் எடையாலேயே தோள்பட்டையில் விரிசல் விடும். ஒரு கன மீட்டர் பளிங்கு ஏறத்தாழ 2.7 டன். அதனால் ரொக்கோகோ சிற்பி ஒரு தந்திரம் செய்தார். தாங்குகட்டையை மறைக்காமல் அதையே அலையாக, மேகமாக, பாறையாக, பறக்கும் துணியாக மாற்றினார். ஆதாம் சகோதரர்களின் சிலைகளில் ஏன் இவ்வளவு அலையும் பாறையும் என்று கேட்டால், பாதி விடை பாணி, மறுபாதி பொறியியல். ஒரு சிலையின் முன் நிற்கும்போது, எந்த அலங்காரம் எந்த உறுப்பைத் தாங்குகிறது என்று தேடிப் பாருங்கள். கண் திறந்துகொள்ளும்.

மூத்தவர்: ரோமில் 10 ஆண்டுகள்

லாம்பேர் சிஜிஸ்பேர் 1719இல் பாரிஸ் வந்தார். 1723இல் பிரான்சின் அரச ஓவிய, சிற்ப அகாதமியின் ரோம் பரிசை வென்றார். அந்தப் பரிசு கிடைத்தவர் அரசர் செலவில் ரோமில் உள்ள பிரெஞ்சு அகாதமியில் தங்கிப் பழைய சிலைகளை நகலெடுத்துப் பயில வேண்டும். லாம்பேர் 1733 வரை அங்கேயே இருந்துவிட்டார். கார்டினல் பொலிஞாக் என்ற பிரெஞ்சுத் தூதர் ரோமுக்கு அருகே தோண்டியெடுத்த பழங்காலச் சிலைகளுக்கு உடைந்த தலை, கை, கால்களைப் புதிதாகச் செய்து பொருத்தும் வேலை அவருக்கு வந்தது. இன்றைய அருங்காட்சியகங்கள் இதைச் செய்யாது. இருப்பதை உள்ளபடியே காக்கும். அன்றோ தலையில்லாத சிலைக்கு மதிப்பில்லை. லாம்பேர் அந்த உடல்களுக்குத் தலைகள் கொடுத்து, லிகோமேதீஸ் அரசரின் மகள்களுக்கு நடுவே பெண் வேடத்தில் ஒளிந்திருக்கும் கிரேக்க வீரன் அகில்லீஸ் என்று ஒரு கதையையே கட்டினார். பின்னாளில் பிரஷ்ய அரசர் இரண்டாம் பிரடெரிக் அந்தத் தொகுப்பை வாங்கிக்கொண்டார்.

ரோமில் அவரை ஆட்கொண்டது பழங்காலச் சிலைகளைவிடப் பெர்னினிதான். 17ஆம் நூற்றாண்டின் அந்தப் பெரிய சிற்பி, கல்லில் வியர்வையையும் அலறலையும் காட்டியவர். வேதனை என்ற பெயரில் லாம்பேர் 1733இல் ரோமின் புனித லூக்கா அகாதமிக்குச் செய்து கொடுத்த மார்பளவுச் சிலை, பெர்னினி வழியில் திறந்த வாயும் சுருங்கிய நெற்றியுமாகத் துடிக்கிறது. திரேவி நீரூற்றுக்கான வடிவமைப்புப் போட்டியிலும் கலந்துகொண்டார். வேலை 1732இல் நிக்கோலா சால்விக்குப் போனது. அதே காலத்தில் போப் 12ஆம் கிளமெண்ட் லாத்தரன் பேராலயத்தில் கட்டிய கொர்சினி சிற்றாலயத்துக்கு ஒரு பளிங்குப் புடைப்புச் சிற்பம் செய்யும் வாய்ப்பு கிடைத்தது. இத்தாலியர்கள் நிறைந்த ஊரில் ஒரு வெளிநாட்டு இளைஞருக்கு அது சின்ன விஷயம் அல்ல.

பாரிசுக்குத் திரும்பியதும் அவர் கடக்க வேண்டியிருந்தது அகாதமியின் இரண்டு படிகள். தொடக்கநிலையில் இருப்பவர்கள் இதைத் தெரிந்துகொண்டால் அருங்காட்சியகப் பலகைகள் பாதி புரிந்துவிடும். முதல் படியில் சிற்பி ஒரு மாதிரியைக் காட்டி ஏற்புப் பெறுவார். இரண்டாம் படியில் அகாதமி கொடுக்கும் தலைப்பில் ஒரு பளிங்குச் சிலை செய்து ஒப்படைக்க வேண்டும். அது அகாதமிக்கே சொந்தம். அதற்குச் சேர்க்கைப் படைப்பு என்று பெயர் வைத்துக்கொள்ளலாம். அளவு சிறியது, பெரும்பாலும் ஒரு மீட்டரை ஒட்டி. ஆனால் ஒரு சிற்பியின் திறமை முழுவதும் அதில் அடைத்து வைக்கப்பட்டிருக்கும். லாம்பேர் 1737இல் கொடுத்தது அலைகளை அடக்கும் நெப்டியூன். கடல் தெய்வம் சினந்து உடலை முறுக்கித் திரும்புகிறார், தாடி காற்றில் சிதறுகிறது, காலடியில் திரித்தோன் என்ற கடல் பூதம். பெர்னினியின் நெப்டியூன் அவர் மனத்தை விட்டு அகலவில்லை என்பது பார்த்த மாத்திரத்தில் தெரியும். இப்போது பாரிசின் லூவ்ர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அந்த ஆண்டுகளில் லாம்பேரும் நிக்கோலாவும் பாரிசின் சூபீஸ் மாளிகையிலும் சுதை வேலை செய்தார்கள். அந்த வேலையை நடத்திய கட்டடக் கலைஞர் ஜெர்மேன் போஃப்ரான் முன்பு லொரேன் கோமகனிடம் வேலை பார்த்தவர். ஊர்த் தொடர்பு எப்படி வேலையாக மாறியது என்பதற்கு இது நல்ல சான்று. அங்குள்ள நீள்வட்டக் கூடத்தைப் பாருங்கள். சுவர் எங்கே முடிகிறது, கூரை எங்கே தொடங்குகிறது என்றே தெரியாதபடி சுதை உருவங்கள் ஏறி உட்கார்ந்திருக்கின்றன. சுதையில் கைவேகம் அப்படியே நிற்கும். பளிங்கைப் போல அடம் பிடிக்காது.

வெர்சாய்: ஈயத்தில் ஒரு கடல்

இந்தக் குடும்பத்தின் மிகப் பெரிய வேலை வெர்சாய் தோட்டத்தின் நெப்டியூன் குளத்தில் இருக்கிறது. குளம் 14ஆம் லூயி காலத்திலேயே, 1679க்கும் 1681க்கும் இடையில், தோட்டக் கலைஞர் லெ நோத்ர் மேற்பார்வையில் வெட்டப்பட்டது. ஆனால் சிற்பம் இல்லாமல் அரை நூற்றாண்டுக்கும் மேல் வெறுமையாகக் கிடந்தது. 15ஆம் லூயி காலத்தில் மூன்று பெரிய குழுக்கள் வைக்கத் திட்டமிட்டார்கள். நடுவில் நெப்டியூனும் மனைவி ஆம்பித்ரீத்தும். அது லாம்பேருக்கு வந்தது, தம்பி நிக்கோலா உடன் நின்றார். ஒரு பக்கம் சிற்பி பூஷார்தோன் செய்த கடல் தெய்வம் புரோத்தியஸ், மறுபக்கம் லெமுவான் செய்த பெருங்கடல் தெய்வம். 1740இல் சிற்பங்கள் இடத்தில் ஏறின. குளத்தில் மொத்தம் 99 நீர்ப்பாய்ச்சல்கள்.

மூன்று குழுக்களையும் ஒப்பிட்டுப் பார்ப்பது நல்ல பயிற்சி. பூஷார்தோனும் ரோமில் படித்தவர்தான், லாம்பேர் போன அதே ஆண்டுகளில். ஆனால் அவர் அங்கிருந்து கொண்டுவந்தது பழங்காலத்தின் நிதானத்தை. அவருடைய புரோத்தியஸ் ஓய்ந்து சாய்ந்திருக்கிறார். லாம்பேரின் நடுக்குழுவிலோ பெரிய சிப்பியைச் சுற்றிக் கடல் விலங்குகள் முண்டியடிக்கின்றன. ஒரே குளத்தில் ரொக்கோகோவும், அதை ஒதுக்கித் தள்ளப்போகும் செவ்வியல் மீட்சியும் அருகருகே உட்கார்ந்திருக்கின்றன.

ஏன் ஈயம்? நீரூற்றில் பளிங்கு வைத்தால் பனிக்காலத்தில் நுண்துளைகளில் புகுந்த நீர் உறைந்து விரியும், மேற்பரப்பு உதிரும். வெண்கலம் நிற்கும், ஆனால் விலை அதிகம், உருக்க ஏறத்தாழ 950 முதல் 1000 டிகிரி செல்சியஸ் வேண்டும். ஈயம் 327 டிகிரியில் உருகிவிடும். நன்றாக உலர்ந்த பிளாஸ்டர் அச்சிலேயே ஊற்றலாம். அச்சில் துளி ஈரம் இருந்தாலும் அது ஆவியாகி உருகிய ஈயத்தைப் பட்டறை முழுவதும் தெறிக்க வைக்கும். அதனால் அச்சைப் பல நாள் காயவைப்பார்கள். பெரிய குழுவை ஒரே வார்ப்பாக எடுக்க மாட்டார்கள். துண்டு துண்டாக வார்த்து, உள்ளே இரும்புச் சட்டகம் வைத்து, இணைப்புகளைப் பற்றவைத்து, மேலே உளியால் சீர்செய்வார்கள். மண் மாதிரியின் கைத்தடம் ஈயத்தில் அப்படியே இறங்கும். ரொக்கோகோவுக்கு இதைவிட இணக்கமான பொருள் கிடையாது.

ஆனால் ஈயத்துக்கு ஒரு குறை. அது நிற்கத் தெரியாத உலோகம். தண்ணீரைவிட 11.3 மடங்கு கனம்; அதே நேரம் சாதாரண வெயிலிலேயே மெல்ல மெல்லத் தொய்யும். நீட்டிய கை ஆண்டுக்கு ஆண்டு இறங்கும். இரும்புச் சட்டகம் இல்லாவிட்டால் கணுக்கால் மடங்கிவிடும். சட்டகம் இருந்தாலும் வேறு சிக்கல். 1 மீட்டர் ஈயம் 40 டிகிரி வெப்ப வேறுபாட்டில் ஏறத்தாழ 1.2 மி.மீ. நீளும். உள்ளே இருக்கும் இரும்பு அதே வெப்பத்தில் அரை மி.மீ.கூட நீளாது. ஒவ்வொரு கோடையும் குளிரும் இரண்டையும் இழுத்துத் தள்ளிப் பற்றவைப்பில் மயிரிழை விரிசல் விடும். அதன் வழி நீர் உள்ளே போகும். இரும்பு துருப்பிடிக்கும். துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் எடுக்கும், ஆகவே உள்ளிருந்து ஈயத்தைப் பிளக்கும். வெளியே சிலை நன்றாகத்தான் தெரியும். கணுக்கால் அருகே செம்பழுப்புக் கசிவு தெரிந்தால் உள்ளே நோய் முற்றிவிட்டது என்று பொருள். பழுதுபார்ப்பவர்கள் இப்போது பெரும்பாலும் பழைய இரும்பை எடுத்துவிட்டு துருப்பிடிக்காத எஃகு வைக்கிறார்கள்.

இளைய ஆதாம்: சங்கிலியும் கல்லறையும்

நிக்கோலா செபாஸ்தியன் 1726இல் ரோம் போய் அண்ணனோடு சேர்ந்துகொண்டார், 1734இல் திரும்பினார். அண்ணனின் நிழலில் நீண்ட காலம் வேலை செய்ததால் அவர் பங்கைப் பிரித்துச் சொல்வது கடினம். ஆனால் அவருடைய இரண்டு படைப்புகள் போதும் அவரை நினைவில் வைக்க. ஒன்று லூவ்ரில் உள்ள விலங்கிடப்பட்ட புரோமீத்தியஸ். அவருடைய சேர்க்கைப் படைப்பு. மாதிரிக்கு ஏற்பு கிடைத்ததிலிருந்து பளிங்கை ஒப்படைத்த 1762 வரை ஏறத்தாழ கால் நூற்றாண்டு ஓடிவிட்டது. தீயைத் திருடிய தண்டனையில் பாறையில் கட்டுண்டு கிடப்பவரின் உடலைக் கழுகு கிழிக்கிறது, காலடியில் இன்னும் எரியும் தீப்பந்தம். சங்கிலி வளையங்கள், இறகுகள், புகை எல்லாம் பளிங்கு. இதில் துரப்பண வேலையைக் கவனியுங்கள். வளையத்தின் உட்பகுதியை உளியால் தட்டி எடுத்தால் அதிர்ச்சியில் வளையமே உடையும். வில்லால் சுழலும் துரப்பணத்தால் நெருக்கமாகத் துளைகள் போட்டு, இடையில் மிஞ்சிய சுவர்களை அரத்தால் தேய்த்தே எடுக்க வேண்டும். சகோதரர்களின் பாணி எவ்வளவு தூரம் போகும் என்பதன் எல்லை இந்தச் சிலை. அது வெளிவந்தபோது பாரிசின் ருசி அமைதியான வடிவங்களின் பக்கம் திரும்பியிருந்தது. 1738இல் புதுமையாக இருந்திருக்கக்கூடியது 1762இல் பழைய பாணியாகிவிட்டது.

இன்னொன்று நான்சியின் போன்செகூர் ஆலயத்தில் 1749இல் அவர் முடித்த அரசி கத்தரீன் ஒபலின்ஸ்காவின் கல்லறை. அவர் போலந்தின் பதவியிழந்த அரசரும் அப்போதைய லொரேன் கோமகனுமான ஸ்தானிஸ்லாஸின் மனைவி, 15ஆம் லூயியின் மாமியார். முழந்தாளிட்ட அரசிக்கு ஒரு வானதூதர் மேலே கையைக் காட்டுகிறார். ஆர்ப்பாட்டம் குறைவு. அரசி அணிந்திருக்கும் துணியின் எடையும், வானதூதரின் துணியின் எடையின்மையும் ஒரே கல்லில் எப்படி வேறுபட்டுத் தெரிகின்றன என்று பாருங்கள். மடிப்பின் ஆழம்தான் ரகசியம்: கனத்த துணிக்கு அகலமான, வட்ட அடியுள்ள பள்ளம், மெல்லிய துணிக்குக் கூர்மையான, நெருக்கமான கோடு. எங்களைக் கேட்டால் புரோமீத்தியஸைவிட இதுதான் அவருடைய சிறந்த வேலை.

மூன்றாமவர் பிரான்சுவா கஸ்பார் பல்தசார் 1741இல் ரோம் பரிசு பெற்றார். 1747இல் இரண்டாம் பிரடெரிக்கின் முதன்மைச் சிற்பியாகப் பிரஷ்யா போய், 1760 வரை அங்கே பட்டறை நடத்தினார். போட்ஸ்டாமின் சான்சூசி அரண்மனைத் தோட்டத்தில் பெரிய நீரூற்றைச் சுற்றி நிற்கும் தெய்வச் சிலைகளில் பல அவருடைய பட்டறையிலிருந்து வந்தவை. 1752இல் 15ஆம் லூயி பிரடெரிக்குக்கு அன்பளிப்பாக அனுப்பிய வேட்டை, மீன்பிடிப்பு என்ற இரண்டு பளிங்குக் குழுக்களும் அதே வட்டத்தில் சேர்ந்தன. செய்தவர் அண்ணன் லாம்பேர். பாரிசில் ஒருவர், போட்ஸ்டாமில் ஒருவர். சிலைகள் மட்டும் ஒரே நீரைப் பார்த்து நிற்கின்றன. பெர்லினில் பல்தசார் தொடங்கி விட்டுப்போன படைத்தலைவர் ஷ்வெரினின் சிலையை 1769இல் முடித்தவர் சகோதரியின் மகன் சிஜிஸ்பேர் மிஷேல்.

மருமகன் க்ளோதியோன்: மறுபடி மண்ணுக்கு

க்ளோட் மிஷேல் 1755இல் மாமன் லாம்பேரின் பாரிஸ் பட்டறையில் சேர்ந்தார். 1759இல் மாமன் இறந்தார். அதே ஆண்டு மருமகன் ரோம் பரிசை வென்றார். 1762 முதல் 1771 வரை ரோமில். அங்கே அவர் கண்டுகொண்ட ஒன்று குடும்பத்தின் கதையையே திருப்பிவிட்டது. சேகரிப்பாளர்கள் களிமண் மாதிரிகளை அவற்றுக்காகவே விரும்பத் தொடங்கியிருந்தார்கள். மாமன்களுக்கு மண் என்பது ஏணி, ஏறியபின் தள்ளிவிடுவது. க்ளோதியோன் அந்த ஏணியிலேயே உட்கார்ந்துவிட்டார். 40, 50, 60 செ.மீ. உயரத்தில் நிம்ஃபுகள் என்ற வனதேவதைகள், சாட்டிர்கள் என்ற ஆட்டுக்கால் வனத்தெய்வங்கள், குழந்தைகள், திராட்சைக் கொடிகள். நியூயார்க்கின் மெட்ரோபொலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கும் மதுவின் மயக்கம் ஏறத்தாழ 59 செ.மீ. உயரம். தாத்தா ஜகோப் செய்த கையடக்கச் சுடுமண் உருவங்கள் பேரன் கையில் அரண்மனை விலைக்கு வந்தன.

சுடுமண் வேலை பார்க்க எளிது, கெடுவதற்கும் எளிது. முதலில் குடைவு. சுடப்போகும் உரு திடமாக இருக்கக் கூடாது. பாதி காய்ந்து, பதப்படுத்திய தோல்போல விறைத்த பதம் வந்ததும், பின்புறத்தையோ அடியையோ அறுத்து உள்ளே குடைந்து, சுவர் 1.5 முதல் 2.5 செ.மீ. தடிமனில் சீராக நிற்கும்படி செய்ய வேண்டும். தடிமன் மாறினால் காய்வது மாறும். மெல்லிய இடம் முன்னால் சுருங்கித் தடித்த இடத்தோடு மல்லுக்கட்டிப் பிளக்கும். தனியாகச் செய்த கையையும் தலையையும் ஒட்டுவது மண்குழம்பால்தான். இரு முகத்தையும் கீறி, குழம்பு தடவி, அழுத்த வேண்டும். இரண்டும் ஒரே ஈரத்தில் இல்லாவிட்டால் சூளையில் கழன்று விழும். அடைபட்ட குழிகளுக்கு காற்றுத்துளை வேண்டும். பிறகு நிழலில் வாரக்கணக்கில் காயவைக்க வேண்டும். சூளையில் 100 டிகிரியைக் கடக்கும்வரை மிக மெதுவாகச் சூடேற்ற வேண்டும். உள்ளே மிஞ்சிய ஈரம் ஆவியாகி வெடிப்பது இங்கேதான். 573 டிகிரியில் மண்ணிலுள்ள குவார்ட்ஸ் மணல் திடீரென அளவு மாறும். ஏறும்போது ஒருமுறை, ஆறும்போது ஒருமுறை. சூளையை அவசரமாகத் திறந்தால் டக்கென்று ஒரு ஒலி, சிலை இரண்டு துண்டு. 900 முதல் 1000 டிகிரி வரை போனால் போதும். மொத்தச் சுருக்கம் 8 முதல் 10 சதவீதம், 65 செ.மீ.க்கு வடித்தது 59, 60இல் வந்து நிற்கும்.

க்ளோதியோனின் கையை அடையாளம் காண உடலையும் உடல் தொடும் பொருளையும் ஒப்பிடுங்கள். தோலில் ஈரத் தூரிகையோ விரலோ ஓடி வழுவழுப்பாக இருக்கும். முடி, ஆட்டுக்கால் ரோமம், மரப்பட்டை ஆகிய இடங்களில் பல் வைத்த மரக்கருவியின் கோடுகள் கூராக நிற்கும். ஒரே மண், ஒரே நிறம். தொடு உணர்வு மட்டும் வேறு. அச்சில் எடுத்த நகலில் இந்தக் கோடுகளின் விளிம்பு மழுங்கியிருக்கும், அச்சுப் பிரிந்த தையல் கோடு அக்குளிலோ தொடையிடுக்கிலோ தெரியும். க்ளோதியோனே தன் பட்டறையில், சகோதரர்களின் உதவியோடு, அச்சு எடுத்துப் பிறகு கையால் திருத்திச் சில உருவங்களைப் பல்கச் செய்தவர். 19ஆம் நூற்றாண்டில் அவருக்குச் சந்தை சூடானபோது போலிகள் குவிந்தன. மண்ணில் கீறிய கையொப்பத்தை மட்டும் நம்ப முடியாது. அதைக் கீற ஒரு குச்சி போதும். வெப்ப ஒளிர்வுக் காலக்கணிப்புச் சோதனை, அதாவது மண்துகளைச் சூடாக்கி வெளிவரும் ஒளியை அளக்கும் சோதனை, அது கடைசியாகச் சூளையில் இருந்தது எப்போது என்று சொல்லும், ஆனால் பிழை ஏறத்தாழ 20 சதவீதம் வரை போகும். 240 ஆண்டுப் பொருளுக்கு அது முன்னும் பின்னும் 50 ஆண்டு. 20ஆம் நூற்றாண்டுப் போலியைப் பிடித்துவிடும். 1830இல் செய்ததை அது பிடிக்காமல் விடலாம்.

பெரிய வேலைகளும் அவர் செய்தார். 1783இல் அரசியல் சிந்தனையாளர் மொந்தெஸ்கியூவின் பளிங்குச் சிலை, இப்போது லூவ்ரில். அதே ஆண்டு மனிதர் முதன்முதலாகப் பலூனில் பறந்தபோது அதற்கு நினைவுச்சின்னம் எழுப்பப் போட்டி வைத்தார்கள். க்ளோதியோன் செய்த சுடுமண் மாதிரியில் குழந்தைத் தேவதைகள் கூட்டம் கூட்டமாக வைக்கோலைத் தூக்கி வந்து நெருப்பில் போடுகிறார்கள், மேலே பலூன் உப்புகிறது, கன்னம் உப்பிய காற்றுத் தெய்வம் அதைத் தள்ளுகிறது. சின்னம் கட்டப்படவே இல்லை; மாதிரி மட்டும் மெட்ரோபொலிட்டனில் இருக்கிறது. புரட்சியின்போது வாங்குகிறவர்கள் காணாமல் போனார்கள், அவர் நான்சிக்குத் திரும்பிச் சில ஆண்டுகள் இருந்தார். நெப்போலியன் காலத்தில் பாரிசின் கருசெல் வெற்றி வளைவுக்குப் படையெடுப்புக் காட்சி செதுக்கினார். ரொக்கோகோவின் கடைசிக் கை, சீருடை அணிந்த சிப்பாய்களைச் செதுக்கியது. 1814 மார்ச் இறுதியில் எதிரிப் படைகள் பாரிசின் வாயிலில் நின்றபோது இறந்தார்.

நேரில் பார்க்க வாய்ப்புள்ளவர்களுக்கு ஒரு சொல். லூவ்ரின் ரிஷெலியூ பிரிவில் நெப்டியூனையும் புரோமீத்தியஸையும் ஒரே நாளில் பாருங்கள். பின்புறமும் சுற்றி வாருங்கள், பறக்கும் துணியின் தாங்குவேலை அங்கேதான் தெரியும். வெர்சாய் குளத்தை நீர் ஓடும் நாளில் ஒருமுறையும் ஓடாத நாளில் ஒருமுறையும் பார்ப்பது நல்லது; நீர் ஓடும்போது சிற்பம் மறையும், ஆனால் அது எதற்காகச் செய்யப்பட்டது என்பது அப்போதுதான் புரியும். நான்சியில் ஸ்தானிஸ்லாஸ் சதுக்கத்தின் நெப்டியூன் நீரூற்றைக் கண்டு ஆதாம்களின் வேலை என்று எண்ணிவிடாதீர்கள்; அது பார்த்தெலெமி கிபாலுடையது. அங்கிருந்து சில நிமிடம் நடந்தால் தொமினிக்கேன் தெரு, 57ஆம் எண். ஆதாம் குடும்பத்தின் வீடு. முகப்பு முழுவதும் சிற்பம், குடும்பம் தனக்கே செய்துகொண்டது. தெருவில் போகிற எவரும் பட்டறையின் திறமையைக் கட்டணமில்லாமல் பார்த்துக்கொள்ளலாம் என்ற ஏற்பாடு அது. தரைமட்டத்தோடு நின்றுவிடாமல் எதிர்ப்பக்க நடைபாதைக்குப் போய் மேல்மாடிகளை அண்ணாந்து பாருங்கள்.